அக்தெரேயின் முந்நூறாவது ஆள்

சோவியத் என்று பேர் வைத்துக்கொண்டு எழுபது வருஷம் ஓஹோவென்று இருந்த அந்தப் பெரிய ஒன்றியம் ஒரு குளிர்காலத்தில் பதினைந்து துண்டாக உடைந்துபோன கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். அப்படி உடைந்ததில் கருங்கடல் பக்கமாக விழுந்த ஒரு சின்னத் துண்டில், கண்ணுக்கு எட்டிய வரை புல்வெளியாகக் கிடக்கிற சீமையில், அக்தெரே என்று ஓர் ஊர் இருந்தது. அந்த ஊரில் தலான் என்கிற ஜனம், தலான் என்கிற மொழியைப் பேசிக்கொண்டு, ஆடு மேய்த்து, திராட்சை பிழிந்து, பக்கத்து வீட்டோடு சண்டை போட்டு, மறுபடி சமாதானமாகி, சௌக்கியமாகவே இருந்தது. புது நாட்டுக்குப் புதுக் கொடி வந்தது, புதுப் பாட்டு வந்தது, தபால்தலையில் இருந்த தாடிக்காரர் போய் ஒரு மீசைக்காரர் வந்தார், எல்லாம் சரி, யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் ஒரு சட்டம் வந்தது பாருங்கள், அதுதான் வம்பு. பள்ளிக்கூடத்தில் இனிமேல் நாட்டு மொழியில்தான் பாடம், வேறு மொழி வேண்டுமென்றால் வரப்போகிற ஜனத்தொகைக் கணக்கெடுப்பில் அந்த ஊரில் முந்நூறு பேர் அதைத் தங்கள் தாய்மொழி என்று நேரில் வாய் திறந்து சொல்ல வேண்டும், ஒரு தலை குறைந்தாலும் வகுப்பை மூடிவிட வேண்டியதுதான் என்று சட்டம்.

மூடினால் வயிறு எரியப்போவது வார்வராவுக்குத்தான். அவள்தான் அந்த ஊர் டீச்சர். முப்பத்தாறு வயது, மைக் இல்லாமலே நாலு தெருவுக்குக் கேட்கிற குரல். தலான் மொழிக்கு அதுவரை ஒரு பாடப்புத்தகம் கிடையாது, பழைய ராஜாங்கத்தில் அதை ஒரு மொழியாகவே சேர்க்கவில்லை, அதனால் வார்வராவே உட்கார்ந்து நாற்பத்தெட்டுப் பக்கத்தில் ஓர் அரிச்சுவடி எழுதி, வாத்துக்கும் வண்டிக்கும் தானே படம் வரைந்து, நகரத்துக்குப் பஸ் ஏறிப்போய் ஜெராக்ஸ் எடுத்து, ஊசி நூலால் தைத்துப் பதினாலு பிள்ளைகள் கையில் கொடுத்திருந்தாள். இதில் வேடிக்கை என்னவென்றால் அவளுக்கே தலான் இருபது வயதில்தான் வந்தது. அவளுடைய அப்பா இக்னாத் கூட்டுப்பண்ணைத் தலைவராக இருந்தவர், கட்சிக்காரர், வீட்டுக்குள் ருஷ்ய மொழி தவிர வேறு சொல் காதில் விழக்கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றவர். பெற்ற மகளிடம் கண்ணை மூடும் வரை ஒரே ஒரு வார்த்தை தலானில் பேசியதில்லை. அவள் பால்பண்ணையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு மாடு கறக்கிற பெண்களிடம் கற்றுக்கொண்டதுதான் எல்லாம். டீச்சர் பேச்சில் இன்றைக்கும் சாண வாடை அடிக்கிறது என்று ஊரில் ஒரு கேலி உண்டு. வார்வராவும் கூடச் சேர்ந்து சிரிப்பாள், ஆனால் சிரித்தவர்களோடு ஒரு வாரம் பேசமாட்டாள்.

கணக்கெடுக்கிற வேலையையும் அரசாங்கம் டீச்சர் தலையில்தான் கட்டியது. அவள் முன்னதாகவே வீடு வீடாகப் போய் ஒத்திகை பார்த்துவிட்டாள். இளவட்டமெல்லாம் மாஸ்கோவில் செங்கல் சுமக்கவும் இஸ்தான்புல்லில் வீட்டு வேலை செய்யவும் போய்விட்டதால், பேச்சு வந்த குழந்தை, படுத்த படுக்கையாகக் கிடக்கிறவர் எல்லாரையும் சேர்த்து இருநூற்று அறுபத்து மூன்று பேர்தான் தேறினார்கள். ஊர்த் தலைவர் தோதர் இதைக் கேட்டு, "இன்னும் முப்பத்தேழு பேருக்கு நான் எங்கம்மா போவேன்? பெத்தா கொடுக்க முடியும்?" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தார்.

அந்த வாரம்தான் பெரியவர்கள் திங்கள் வந்தது. ஈஸ்டர் கழிந்த இரண்டாம் திங்கட்கிழமை அந்தச் சீமையில் ஊரே திரண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போகும். குழிமேல் துணி விரித்து, ரொட்டியும் சிவப்பு முட்டையும் வைனும் பரப்பி வைத்து, செத்தவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு விருந்து வைக்கும். இருநூறு வருஷமாகப் பாதிரியார்கள் அந்தப் பேர்களைப் பழைய கோயில் மொழியில் வாசித்து வந்தார்கள், அது ஒரு சம்சாரிக்கும் புரியாது, செத்துப்போனதால் மட்டும் புரிந்துவிடுமா என்ன? இந்த வருஷம் வந்த பாதிரியார் பனாயோத் சின்ன வயசுக்காரர், தாடிகூடச் சரியாக வளரவில்லை, அவரும் தலான்தான். "இப்பத்தான் யாரும் கேட்க ஆளில்லையே டீச்சர், நம்ம மொழியிலேயே கூப்பிட்டா என்ன?" என்றார். வார்வரா சந்தோஷமாகப் பேர்களை எல்லாம் தலானில் எழுதிக் கொடுத்தாள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். தலான்கள் யாரைச் சாப்பிடக் கூப்பிட்டாலும், "வாங்க, வந்து சாப்பிட்டு, ஞாயித்துக்கிழமை வரைக்கும் இருந்துட்டுப் போங்க" என்றுதான் கூப்பிடுவார்கள். அப்படிச் சொல்லாவிட்டால் அது அழைப்பே இல்லை, அவமானம். வந்தவரும் ஒரு கவளம் சாப்பிட்டுவிட்டு வேலை கிடக்கிறது என்று எழுந்து போய்விடுவார். கூப்பிடுகிறவருக்கும் வருகிறவருக்கும் அது வெறும் மரியாதைப் பேச்சு என்று தெரியும். பனாயோத்தும் பழக்க தோஷத்தில் ஒவ்வொரு பேரையும் வாசித்துக் கூடவே அதையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டு போனார். மண்ணுக்குள் கிடந்தவர்கள் இருநூறு வருஷத்தில் முதல் தடவையாகத் தங்கள் பேரைப் புரிகிற பேச்சில் கேட்டார்கள், அவர்கள் மரியாதைப் பேச்சையும் மெய்யான பேச்சாகவே எடுத்துக்கொள்கிற காலத்து ஜனம், எழுந்து வந்துவிட்டார்கள்.

எல்லாரும் வரவில்லை. வாழ்நாள் முழுக்க வேலை செய்தே ஓய்ந்த பெண்கள் பலர் "இப்பத்தான் கொஞ்சம் படுத்திருக்கோம், விடுங்க" என்று மண்ணுக்கு அடியிலிருந்தே பதில் சொல்லிவிட்டார்கள், பழைய கோபத்தில் சிலர் வாயே திறக்கவில்லை. மிச்சம் முப்பத்தேழு பேர் தலைமுடியில் மண்ணோடும், புதைத்த அன்றைக்குப் போட்ட சட்டையோடும், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவரவர் துணிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ரொட்டியைத் தின்னாமல் ஆசை தீர வாசனை பிடித்தார்கள். அப்புறம் சாயங்காலம் பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு வீட்டார் கூடவே நடந்தார்கள்.

வந்த விருந்தாளியை என்ன சொல்ல முடியும்? ஞாயிறு வரைக்கும் இரு என்று சொல்லியாயிற்று. பெட்டியில் கிடந்த கம்பளிகள் வெளியே வந்தன, ஏனென்றால் வந்தவர்களுக்கு நாள் முழுக்கக் குளிர்ந்துகொண்டே இருந்தது. ஊர்க் கடையில் இரண்டே நாளில் புகையிலை தீர்ந்தது. தோதருடைய அப்பா வந்த காலோடு வேலியைப் பார்த்து, "எவன்டா இதை இவ்வளவு உசரமா வச்சது? பக்கத்து வீட்டுக்காரன் என்ன ஓநாயா?" என்று பிடித்துக்கொண்டார், தலைவரான தோதர் வாயைப் பொத்திக்கொண்டு வேலியில் இரண்டு பலகையைக் கழற்றினார். எலென்கா என்கிற பெண்ணுக்குத்தான் கஷ்டம். முதல் புருஷன் வந்து நிற்கிறான், இரண்டாம் புருஷன் வீட்டில் இருக்கிறான், ஊரே வேடிக்கை பார்க்கக் காத்திருந்தது. ஆனால் அந்த இரண்டு பேரும் அவளைப் பற்றி ஒரு மணி நேரம் குறை பேசிவிட்டு நல்ல சிநேகிதர்களாகி, வாசலில் பகடைப் பலகையை விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். ரொம்பப் பழைய கிழவர் ஒருவர் இப்போது வரி வாங்க வருவது சுல்தான் ஆளா, ஜார் ஆளா என்று விசாரித்து, இரண்டும் இல்லை என்று தெரிந்ததும், "அப்ப யாருக்குப் பயப்படுறீங்க?" என்று உண்மையாகவே கவலைப்பட்டார். புதன்கிழமைக்குள் ஊருக்கு எல்லாம் பழகிவிட்டது. செத்தவர் வந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது, வராத வீட்டில்தான் ஏக்கமாக இருந்தது.

முதலில் கணக்குப் போட்டது தோதர்தான். மூச்சு வாங்க ஓடிவந்து பள்ளிக்கூட ஜன்னலைத் தட்டினார்.

"டீச்சர்! இருநூத்தி அறுபத்து மூணும் முப்பத்தேழும் எவ்வளவு?"

வார்வரா கரும்பலகையில் போட்டுப் பார்த்தாள். இரண்டாம் தடவையும் போட்டுப் பார்த்தாள். பிறகு சாக்பீஸை வைத்துவிட்டு, அந்தக் கனத்த மனுஷனைப் பிடித்துக்கொண்டு வகுப்பைச் சுற்றி ஓர் ஆட்டம் ஆடினாள்.

வெள்ளிக்கிழமை காலையில் தலைநகரத்திலிருந்து ஜீப்பில் கண்காணிப்பாளர் செர்ஜு வந்தார். மெலிந்த மனுஷர், இஸ்திரி போட்ட சட்டை, கையில் விதிப் புத்தகம். தலான் தெரியாது, நாட்டு மொழியில்தான் பேசுவார். வார்வரா விஷயத்தைச் சொன்னதும் அவர் முப்பத்தேழு பேரையும் வரிசையாக நிற்க வைத்துப் பார்த்தார், ஒருவர் தோளில் இருந்த புழுவைத் தட்டிவிட்டார், பிறகு ஒரு மணி நேரம் புத்தகத்தைப் புரட்டினார். வியாழன் இரவு ஊர் எல்லைக்குள் தங்கியிருந்த ஒவ்வொரு நபரும் என்றுதான் அதில் போட்டிருந்தது. உயிரோடு என்று எங்கேயும் போடவில்லை. தபாலாபீஸுக்குப் போய்த் தலைநகரத்துக்குப் போன் போட்டார். அவர்கள் நாட்டின் குடிமக்களா என்று அங்கே கேட்டார்கள். சுதந்திரம் அறிவித்த அன்று இந்த மண்ணில் வசித்தவர் எல்லாரும் குடிமக்கள் என்று சட்டம் இருக்கிறதே, இவர்கள் அன்றைக்கு இந்த மண்ணை விட்டு ஓர் அடிகூட நகரவில்லையே என்றார் செர்ஜு. போனில் காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது. நாட்டின் ஜனத்தொகையோ வருஷா வருஷம் இறங்கிக்கொண்டே போகிறது, கிடைத்த தலையை யார் விடுவார்கள்? சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் பதிலை மட்டும் அவரவர் வாயால் சொல்ல வேண்டும், ஞாயிறு மத்தியானத்துக்குள் எல்லாத் தாளும் ஜீப்பில் ஏறிவிட வேண்டும் என்று உத்தரவு வந்தது.

வெள்ளியும் சனியும் வார்வரா வீடு வீடாக உட்கார்ந்து எழுதினாள். தாய்மொழி என்ன என்றால் செத்தவர்களுக்கு முதலில் கேள்வியே விளங்கவில்லை, "பேச்சுதான், வேற என்ன? இதோ பேசிட்டிருக்கோமே, இதான்" என்றார்கள், அவள் தலான் என்று எழுதிக்கொண்டாள். எந்த இனம் என்றால் "இந்த ஊருதான்" என்றார்கள், சிலர் "மேலத்தெரு" என்றார்கள், அதையும் அப்படியே எழுதிக்கொண்டாள். சனிக்கிழமை மத்தியானம் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது தாள் முடிந்தது. கடைசித் தாளை அவள் வேண்டுமென்றேதான் கடைசிக்கு வைத்திருந்தாள், ஏனென்றால் அது அவளுடைய அப்பாவின் தாள்.

ஆமாம், இக்னாத்தும் வந்திருந்தார். எட்டு வருஷத்துக்கு முன்னால், ஒன்றியம் உடைவதற்குச் சற்று முன்னால் மாரடைப்பில் போனவர். ஐம்பத்திரண்டு வயசு, கோட்டில் மெடல்கள். பனாயோத் கூப்பிட்டது அவருக்குப் புரியாமல் இல்லை, புரிந்ததால்தானே வந்தார். வந்த நாளிலிருந்து மகள் தலானில் பேசுவாள், அவர் ருஷ்ய மொழியில் பதில் சொல்வார். அவருடைய ருஷ்ய மொழி மேடைப் பேச்சு மாதிரிதான் இருக்கும், நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன்.

"தேசிய இனம் என்னப்பா?"

"சோவியத் குடிமகன். எழுதிக்கொள், தோழர் கணக்கெடுப்பாளரே."

"அந்த நாடு இப்ப இல்லப்பா. செத்துப்போச்சு."

"இறந்துபோன நாங்களே திரும்பி வந்திருக்கிறோம். அது ஏன் வரவில்லை?"

வார்வரா யோசித்தாள். "அதை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடலப்பா" என்றாள். அவர் முகம் சுருங்கியது.

"தாய்மொழி?"

"ருஷ்ய மொழி."

பேனா நின்றுவிட்டது. ஜன்னலுக்கு வெளியே காதைத் தீட்டிக்கொண்டு நின்ற தோதர் "அடப்பாவி!" என்று கத்தியது உள்ளே கேட்டது.

"அப்பா, நீங்க ஒருத்தர் சொன்னா முந்நூறு. சொல்லலேன்னா என் வகுப்பை மூடிருவாங்க. பதினாலு பிள்ளைங்கப்பா."

"நான்கு கணக்கெடுப்புகளில் ஒரே பதிலைத்தான் கூறியிருக்கிறேன். சூழ்நிலைக்கு ஏற்ப வாக்கை மாற்றுபவன் நான் அல்லன்."

அவள் ருஷ்ய மொழி என்றே எழுதி, தாள் பெட்டியை மூடிவிட்டு எழுந்து வெளியே போனாள். வாசலில் ஊரே கூடியிருந்தது, உயிரோடு இருப்பவர்களும் இல்லாதவர்களும். பனாயோத் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். தோதர் அவளைத் தனியே இழுத்தார்.

"டீச்சரம்மா, பேனா உங்க கையில. ஒரே ஒரு வார்த்தையை அடிச்சு மாத்திருங்க. அந்த ஒல்லி மனுசனுக்கு நம்ம மொழியும் தெரியாது, உங்கப்பாவையும் தெரியாது."

"முடியாது."

"ஏன் முடியாது? உங்க பள்ளிக்கூடத்துக்குத்தானே கேக்கறேன்!"

"தோதர் அண்ணா, நம்ம ஜனத்தை ஒழிச்சது யாரு? கேக்காம எழுதினவங்கதான். எத்தனை தடவை வந்தாங்க, ஒருத்தர் வாயையும் பாக்காம அவங்களாவே ஒரு பேரைப் போட்டுக்கிட்டுப் போனாங்க. எங்கப்பா சொல்லாததை நான் எழுதினா, என் அரிச்சுவடியை எந்த மூஞ்சியோட பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுப்பேன்?" என்றாள். நாலு தெருவுக்குக் கேட்கிற குரல் பக்கத்தில் நின்றவருக்கே சரியாகக் கேட்கவில்லை. ஊர் கலைந்து போனது; இக்னாத்தை மட்டும் செத்தவர்கள்கூட ஜன்னல் வழியாக முறைத்துப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

வார்வரா உள்ளே வந்தாள். கோபம் வந்தால் கொட்டிவிடுவதுதான் அவள் வழக்கம், அன்றைக்கும் கொட்டினாள். "அப்படி என்னப்பா பண்ணிச்சு உங்களை இந்த மொழி? நான் உங்க மகதானே? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என்னை இதுல கூப்பிட்டிருக்கீங்களா?"

இக்னாத் மெடல்களைத் தடவிக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு சொன்னார்.

"யுத்தம் முடிந்த மறுவருடம் மழை இல்லை. இருந்த தானியத்தையும் எடுத்துச் சென்றுவிட்டார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. என் தாய் கதவருகே படுத்திருந்தாள். பசிக்கிறது என்று அந்த மொழியில்தான் அவளிடம் கூறினேன். அவள் பதில் கூறவில்லை. மாலையில் வண்டி வந்தது. என்னை நகரத்து அனாதை விடுதியில் சேர்த்தார்கள். அங்கே ரொட்டி கொடுத்தார்கள், ருஷ்ய மொழியும் கொடுத்தார்கள். நான் அந்த மொழியில் கடைசியாகக் கூறிய சொல் அதுதான். அந்தச் சொல்லை என் மகள் அறியவே கூடாது என்று நினைத்தேன்."

வார்வராவின் கோபம் இருந்த இடம் தெரியாமல் போனது. அவள் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த ஐந்து நாளும் அப்பா ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டு போனது ஏன் என்று இப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

"அவங்களைத்தான் தேடுறீங்களா?"

"வரவில்லை."

"அவங்களைக் கூப்பிடலேப்பா. பஞ்சத்துல போனவங்களைத் தோட்டத்துக்குப் பின்னால ஒரே குழியில போட்டாங்க. சிலுவை கிடையாது, பேர் கிடையாது. பாதிரியார் கிட்ட எப்படி இருக்கும்?"

"எனக்குத் தெரியும். மரூல்யா."

"அப்ப நீங்க கூப்பிடுங்க."

இக்னாத் தலையைக் குனிந்துகொண்டார். "அவளுக்கு ருஷ்ய மொழி தெரியாது" என்றார்.

ஞாயிறு காலையில் செர்ஜு தாள்களைக் கட்டி ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, இக்னாத் ஒரு ரொட்டியையும் ஒரு சிவப்பு முட்டையையும் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு தெருவோடு நடந்தார். கல்லறைத் தோட்டத்தைத் தாண்டி, பின்பக்க வேலியைத் தாண்டி, நெருஞ்சி மண்டிக் கிடந்த ஒரு பள்ளத்தின் ஓரத்தில் போய் நின்றார். வார்வரா பின்னால் போனாள். அவளுக்குப் பின்னால் எதற்கென்று தெரியாமலே ஊர் போனது. எல்லாரும் இங்கே வந்துவிட்டார்களே என்று செர்ஜுவும் வந்தார்.

இக்னாத் துண்டை விரித்தார். ரொட்டியை வைத்தார். முதலில் ருஷ்ய மொழியில்தான் கூப்பிட்டார், தொண்டையைச் செருமிக்கொண்டு, கூட்டுப்பண்ணைத் தலைவர் குரலில். "மரூல்யா ஸ்தெபானோவ்னா அவர்களே, தயவுசெய்து எழுந்து வாருங்கள்." வானம்பாடிகள் கத்திக்கொண்டிருந்தன. பள்ளத்தில் ஒரு புல்கூட அசையவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். தோதர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அவருடைய அப்பா அவர் கையைக் கிள்ளினார்.

இக்னாத் வாயைத் திறந்தார், மூடினார், திறந்தார். ஐம்பத்தோரு வருஷமாக அந்தப் பக்கம் போகாத நாக்கு, சட்டென்று திரும்புமா? முகமெல்லாம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, மெடல்கள் ஒன்றோடொன்று இடிபட்டுக் கிணுகிணுத்தன. கடைசியில் வந்த குரல் தலைவர் குரலே இல்லை. ஒன்பது வயசுக் குரல்.

"அம்மா!"

அதன் பிறகு எல்லாம் தானாக வந்தது. "அம்மா, எந்திரிம்மா. ரொட்டி இருக்கும்மா. நெறைய இருக்கு. வாம்மா, வந்து சாப்பிட்டு, ஞாயித்துக்கிழமை வரைக்கும் இருந்துட்டுப் போம்மா." அன்றைக்கே ஞாயிற்றுக்கிழமை என்று யாரும் அவரிடம் எடுத்துச் சொல்லவில்லை.

பேர் சொல்லிக் கூப்பிட மறந்துபோனார் மனுஷர். அம்மா என்றுதானே கூப்பிட்டார்? அந்தக் குழியில் கிடந்த எந்தப் பெண்தான் அம்மா இல்லை? நெருஞ்சி எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, மண் பொங்கியது, ஒரு பெண் வந்தாள், அவள் பின்னால் இன்னொருத்தி, அவள் பின்னால் நாலு பேர், அவர்கள் பின்னால் பத்துப் பேர், எலும்பும் தோலுமாக, தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, தங்கள் பிள்ளைதான் கூப்பிடுகிறது என்று தட்டுத் தடுமாறி ஏறி வந்தார்கள். கூடவே செத்துப்போன பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டும் இடுப்பில் வைத்துக்கொண்டும் வந்தார்கள். இக்னாத் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே நின்றார். கடைசியில் ஒற்றைப் பின்னல் போட்ட ஒருத்தி வந்தாள், இருபத்தாறு வயசுதான் இருக்கும், வார்வராவைவிடச் சின்னவள். வந்தவள் அந்த நரைத்த தலையை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கிப் பார்த்து, கட்டைவிரலால் அவர் கண்ணைத் துடைத்துவிட்டு, "எம்மாம் பெரிய ஆளாயிட்டே! யாரு உனக்குச் சாப்பாடு போட்டா?" என்றாள்.

இவர்கள் முன்னால் வந்தவர்கள் மாதிரி வாசனை பிடித்துக்கொண்டு உட்காரவில்லை, சாப்பிட்டார்கள். ஊர் ஓடியது. வீட்டில் இருந்த ரொட்டி, பாலாடைக்கட்டி, நேற்றுச் சூப், பாதிரியார் வீட்டுப் பெரிய வெள்ளரி ஊறுகாய் ஜாடி என்று ஒன்று விடாமல் பள்ளத்தின் கரைக்கு வந்து சேர்ந்தது. திங்களன்று வந்த செத்தவர்கள் கம்பளி கொண்டுவந்து போர்த்தினார்கள், எலென்காவின் இரண்டு புருஷன்களும் ஆளுக்கு ஒரு பக்கமாக ஒரு அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எல்லாரும் அழுதார்கள், அழுதுகொண்டே பரிமாறினார்கள், பரிமாறுகிற வேகத்தில் அழுகையும் நின்றுபோனது.

செர்ஜு விதிப் புத்தகத்தைத் திறந்தார். "வியாழன் இரவு இவர்கள் எங்கே தங்கியிருந்தார்கள்?" என்று வார்வராவிடம் கேட்டார்.

"இங்கேதான் சார். ஐம்பத்தோரு வருஷமாக இதே இடத்தில்."

அவர் பள்ளத்தைப் பார்த்தார், அதன் கரையில் இரண்டு கையாலும் தின்றுகொண்டிருந்த ஒரு குழந்தையைப் பார்த்தார். விதிப் புத்தகத்தை மூடி ஜேபியில் வைத்துவிட்டு, ஜீப்பிலிருந்து மிச்சத் தாள்களை எடுத்து வந்து தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். அவர் நாட்டு மொழியில் கேட்க, வார்வரா தலானில் சொல்ல, வாய் நிறைய ரொட்டியோடு அவர்கள் பதில் சொல்ல, தாள் தீர்ந்து பள்ளிக்கூட நோட்டுகளைக் கிழித்து எழுதும்படி ஆயிற்று. பேச்சு வந்த குழந்தைகளையும் சேர்த்து அறுபத்திரண்டு பேர். முதல் தாள் முடிந்ததுமே தோதர் "முந்நூறு!" என்று கத்தித் தொப்பியை வானத்தில் எறிந்தார். மத்தியானத்துக்குள் முந்நூற்று அறுபத்தொன்றாயிற்று. செர்ஜு அந்த எண்ணுக்குக் கீழே கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, எலென்கா துணியில் கட்டிக் கொடுத்த வறுத்த கோழியோடு ஜீப்பில் ஏறினார்.

ஏறுவதற்கு முன்னால் ஒரு தாளைத் தனியே எடுத்து வார்வராவிடம் நீட்டினார். "இது உங்கள் தந்தையுடையது. திருத்துவதாக இருந்தால் இப்போதே திருத்திவிடலாம்" என்றார்.

வார்வரா தாளோடு பள்ளத்தின் கரைக்குப் போனாள். காலையிலிருந்து உட்காரவில்லை, கையெல்லாம் மை, குரல் கட்டிப்போயிருந்தது. இக்னாத் கோட்டைக் கழற்றித் தன் அம்மாவுக்குப் போர்த்திவிட்டு, அவளுக்குப் பக்கத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். அந்தச் சின்னப் பெண் மரூல்யா முட்டையை உரித்து அவர் வாயில் திணித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இனிமே எண்ணிக்கைக்காக இல்ல. சும்மா கேக்கறேன். உங்க பதிலை மாத்தணுமா?"

இக்னாத் நிமிர்ந்து மகளைப் பார்த்தார், தாளைப் பார்க்கவில்லை. முட்டையை விழுங்கினார். பிறகு தரையில் பக்கத்திலேயே கையால் தட்டி இடம் காட்டினார்.

"அதை அப்புறம் பாத்துக்கலாம், உக்காரும்மா," என்று தலானில் சொன்னார். "காலையிலேருந்து நின்னுக்கிட்டே இருக்கியே. சாப்பிட்டியா?"

முப்பத்தாறு வருஷத்தில் அப்பா அவளிடம் அந்த மொழியில் பேசிய முதல் பேச்சு அது. வார்வரா தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், காலைத் தொங்கப்போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இல்லப்பா" என்றாள்.

அவர் ரொட்டியைப் பிட்டுக் கொடுத்தார்.